அத்தியாயம் 7: எந்தப் பக்கம் கிடத்துவது?

எக்ஸ்ரே வைத்திருக்கும் சிறிய கிளினிக்குகளுக்குப் போனால், கே.வி. எவ்வளவு, எம்.ஏ.எஸ். எவ்வளவு என்றுதான் இளம் மருத்துவர்கள் கேட்கிறார்கள். நாயை எந்தப் பக்கம் கிடத்த வேண்டும் என்று கேட்பவர்கள் குறைவு. கே.வி. கொஞ்சம் முன்னே பின்னே போனாலும் இன்றைய டிஜிட்டல் தகடு அதை ஓரளவு சரிக்கட்டிவிடும். பக்கம் மாற்றிக் கிடத்தி எடுத்த படத்தைச் சரிசெய்ய எந்த மென்பொருளும் கிடையாது. முறுக்கிய இரைப்பை வெறும் உப்புசம்போலத் தெரிவதும், நுரையீரலில் இருக்கும் கட்டி படத்தில் இல்லாமல் போவதும், ஆரோக்கியமான நாய் பந்தை விழுங்கியதுபோல் காட்சி தருவதும் பெரும்பாலும் இதனால்தான்.

காரணத்தைப் புரிந்துகொண்டால் பிறகு எதையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. எக்ஸ்ரேயில் தெரிவது ஐந்தே சாயல்கள்: காற்று, கொழுப்பு, திரவமும் மென்திசுவும், எலும்பு, உலோகம். இதில் திரவமும் மென்திசுவும் ஒரே சாம்பல் நிறம். இதயத்தின் சுவரும் உள்ளே ஓடும் இரத்தமும் வெளியே கட்டிய நீரும் படத்தில் ஒன்றுதான். ஒன்றின் விளிம்பு தெரிய வேண்டுமானால் அதன் பக்கத்தில் வேறு சாயல் வேண்டும். வயிற்றில் கொழுப்பு அந்த வேலையைச் செய்கிறது. கொழுப்பே இல்லாத குட்டிகளின் வயிற்றுப் படம் மங்கிக் கிடப்பது அதனால்தான். இரைப்பையிலும் நுரையீரலிலும் அந்த வேலையைக் காற்று செய்கிறது. பாதி தண்ணீர் உள்ள பாட்டிலைச் சாய்த்தால் தண்ணீர் கீழ்ப்பக்கம் இறங்கி, காற்று மேலே ஏறுகிறதல்லவா? விலங்கைப் புரட்டிக் கிடத்தும்போது உள்ளேயும் அதுவே நடக்கிறது. காற்றை நமக்கு வேண்டிய இடத்துக்கு அனுப்பும் வழி அது ஒன்றுதான்.

மூச்சுத் திணறும் விலங்கு

கிடத்தவே கூடாத விலங்கை முதலில் சொல்லிவிடுகிறேன். வாயைத் திறந்து மூச்சு வாங்கும் பூனையை நேரே எக்ஸ்ரே மேசைக்குக் கொண்டுபோகாதீர்கள். முதலில் ஆக்சிஜன், ஆள் நடமாட்டம் இல்லாத அமைதியான கூண்டு, பதற்றம் தணிய தசையில் பியூட்டார்பனால், கிலோவுக்கு 0.2 முதல் 0.4 மில்லிகிராம். நெஞ்சின் கீழ்ப்பகுதியில் மூச்சொலி கேட்காமல் போயிருந்தால் நீர் கட்டியிருக்கிறது என்று கொள்ளலாம். அல்ட்ராசவுண்ட் இருந்தால் பூனை உட்கார்ந்திருக்கும் நிலையிலேயே பார்த்துவிடலாம். இல்லையென்றாலும், படத்துக்காகக் காத்திராமல் ஊசியைச் செலுத்தி நீரை எடுங்கள். நீர் மறைத்திருந்த இதயமும் கட்டியும் அதை எடுத்த பிறகுதான் படத்தில் தெரியும் என்பதால், காத்திருந்து எடுத்தால் அந்த முதல் படத்தால் பெரிய பயனும் இல்லை.

இப்படிப்பட்ட பூனையை மல்லாக்கக் கிடத்துவது உயிருக்கு ஆபத்து. நீர் முதுகுப்பக்கம் இறங்கி, அதுவரை வேலை செய்துகொண்டிருந்த நுரையீரல் பகுதியையும் அழுத்தும். படம் தேவைதான் என்றால், பூனை தானாகக் குந்தியிருக்கும் நிலையில் மேலிருந்து கதிரை விட்டுக் குப்புற ஒரு படம். அது போதும். லாரியில் அடிபட்டு வரும் தெருநாய்க்கும், மாடியிலிருந்து விழுந்த பூனைக்கும் இதே விதி. உதரவிதானம் கிழிந்து குடல் நெஞ்சுக்குள் ஏறியிருக்கலாம். அதை உறுதிசெய்ய அந்த விலங்கை நான்கு பேர் பிடித்து மல்லாக்க வேண்டியதில்லை.

வயிறு

இரைப்பையின் ஃபண்டஸ் இடப்பக்கம், முதுகையொட்டி இருக்கிறது. பைலோரஸ் வலப்பக்கம், அடிவயிற்றையொட்டி. இதை மட்டும் நினைவில் வைத்தால் போதும், மற்றது தானே வரும்.

நாயை வலப்பக்கம் கிடத்தினால் திரவம் பைலோரஸுக்குள் இறங்கும். பக்கவாட்டுப் படத்தில் கல்லீரலுக்குப் பின்னால், வயிற்றின் கீழ்ப்பகுதியில், உருண்டையாக ஒரு சாம்பல் நிழல் தெரியும். இதைப் பந்து என்றும் கட்டி என்றும் எண்ணி வயிற்றைத் திறந்தவர்கள் உண்டு. அதே நாயை இடப்பக்கம் திருப்பிக் கிடத்துங்கள். காற்று பைலோரஸுக்கும் டியோடினத்துக்கும் ஏறும். இயல்பான இரைப்பையாக இருந்தால் அந்த உருண்டை மறைந்து, அதே இடத்தில் கறுப்பாகக் காற்று நிற்கும். உள்ளே உண்மையிலேயே ஏதாவது சிக்கியிருந்தால் காற்று அதைச் சுற்றிக்கொண்டு விளிம்பு கீறிக் காட்டும்.

நம் ஊரில் இந்த இடப்பக்கப் படத்தின் அருமை மாம்பழக் காலத்தில் தெரியும். சேலம், கிருஷ்ணகிரி பக்கம் ஏப்ரல் முதல் ஜூலை வரை, வீட்டில் எறிந்த மாங்கொட்டையை லாப்ரடார் அப்படியே விழுங்கிவிட்டு வாந்தியோடு வரும். மாங்கொட்டை எலும்பைப்போல வெள்ளையாகத் தெரியாது. ரப்பர், துணி, சாக்ஸ் போன்றவையும் அப்படித்தான். வலப்பக்கப் படம் ஒன்றை மட்டும் எடுத்து ‘ஒன்றுமில்லை’ என்று எழுதிக் கொடுத்தால், மூன்று நாள் கழித்து அந்த நாய் குடல் அழுகிய நிலையில் வரலாம். அதனால் வாந்தி எடுக்கும் நாய்க்கு வலப்பக்கம், இடப்பக்கம், மல்லாந்து என்று மூன்று படங்கள் எடுங்கள். உரிமையாளரின் செலவை நினைத்து ஒன்றைக் குறைக்க வேண்டியிருந்தால் மற்றதைக் குறையுங்கள், இடப்பக்கத்தை விடாதீர்கள்.

கொட்டை இரைப்பையைத் தாண்டிச் சிறுகுடலுக்குள் போயிருந்தால், அடைப்புக்கு முன்னால் உள்ள குடல் உப்பும். எவ்வளவு உப்பினால் அடைப்பு? நாயின் ஐந்தாம் இடுப்பு முள்ளெலும்பின் உடலை அதன் நடுவில், மிகக் குறுகிய இடத்தில் உயரம் அளந்துகொள்ளுங்கள். குடலின் அகலம் அதைப்போல் 1.6 மடங்குக்குள் இருந்தால் பெரும்பாலும் இயல்பு. 2 மடங்கைத் தாண்டினால் அடைப்பு இருக்க வாய்ப்பு மிக அதிகம். இடையில் நிற்பவைதான் தொல்லை. அவற்றை இந்த அத்தியாயத்தின் கடைசியில் பார்ப்போம். பூனைக்கு முள்ளெலும்புக் கணக்கு வேண்டாம், குடல் 12 மில்லிமீட்டருக்கு மேல் அகன்றிருந்தால் சந்தேகப்படுங்கள்.

பூனை நூலை விழுங்கினால் குடல் உப்பாமலே இருக்கலாம். நூலின் ஒரு முனை நாக்கடியிலோ பைலோரஸிலோ மாட்டிக்கொள்ள, குடல் அந்த நூலின்மேல் கொசுவம் வைத்ததுபோல் மடிந்து நடுவயிற்றில் ஒரே கொத்தாகக் கூடும். உள்ளே இருக்கும் காற்று நீண்ட கோடாக இல்லாமல் கமா வடிவக் குமிழ்களாக உடைந்து தெரியும். படம் எடுக்கும் முன்பே வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிப் பாருங்கள். செலவில்லாத பரிசோதனை அது.

எலும்பு விழுங்கிய நாய்க்கு வயிற்றை மட்டும் படம் எடுத்துவிட்டு அனுப்பும் வழக்கத்தையும் விட்டுவிட வேண்டும். ஆட்டெலும்புத் துண்டு உணவுக்குழாயில் சிக்கும் இடங்கள் மூன்று: நெஞ்சின் நுழைவாய், இதயத்தின் அடிப்பகுதி, உதரவிதானத்துக்குச் சற்று முன்னால். ஞாயிற்றுக்கிழமை மட்டன் சாப்பிட்ட வீட்டு நாய் திங்கட்கிழமை எச்சில் ஒழுக வந்தால், கழுத்திலிருந்து தொடங்கி நெஞ்சு முழுவதையும் எடுங்கள். உணவுக்குழாய் கிழிந்திருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் பேரியம் கொடுக்கக் கூடாது. அயோஹெக்சால் போன்ற அயோடின் மருந்துதான் பாதுகாப்பு.

இனி இரைப்பை முறுக்கு. கிரேட் டேன், ஜெர்மன் ஷெப்பர்ட் போன்ற ஆழ்ந்த நெஞ்சுள்ள பெரிய நாய்களிடம் அதிகம் பார்க்கிறோம். வயிறு உப்பி, வாந்தி வராமல் ஓங்கரித்துக்கொண்டே வரும். இங்கே கணக்கு தலைகீழ்: தேவைப்படும் படம் வலப்பக்கப் படம். முறுக்கிய இரைப்பையில் பைலோரஸ் இடம்பெயர்ந்து இடப்பக்கம், மேலே, முன்னால் போய்விடுகிறது. நாயை வலப்பக்கம் கிடத்தினால் அந்தப் பைலோரஸ் மேற்பக்கம் வருவதால் காற்று அதில் ஏறும். முதுகுப்பக்கம் சிறிய காற்றறை ஒன்று, அதன் கீழ்ப்பின்னால் பெரிய காற்றறை ஒன்று, இரண்டுக்கும் நடுவில் மென்திசுவாக ஒரு மடிப்புக் கோடு. ஒருமுறை பார்த்துவிட்டால் மறக்கவே மறக்காது. அதே நாயை இடப்பக்கம் கிடத்தி எடுத்தால் பைலோரஸ் கீழே போய்த் திரவம் நிரம்பி மறைந்துவிடும். வெறும் உப்புசம் என்று தோன்றும் அந்தப் படத்தை நம்பி, அறுவைசிகிச்சை செய்ய வேண்டிய நாயை ஊசி போட்டு வீட்டுக்கு அனுப்பிவிடுவோம். இந்த நாய்க்கு ஒரே ஒரு படம். அதுவும் இரண்டு கால்களிலும் ஊசிக் குழாய் போட்டு டிரிப் ஏற்றிய பிறகு. மல்லாக்கக் கிடத்த வேண்டாம்.

வயிற்றுப் படத்தை மூச்சை வெளியே விட்ட நொடியில் எடுங்கள். உதரவிதானம் முன்னால் நகர்ந்து உறுப்புகளுக்கு இடம் கிடைக்கும். உதரவிதானத்திலிருந்து இடுப்பு மூட்டு வரை படத்தில் இருக்க வேண்டும். பின்னங்கால்களை மிகவும் பின்னால் இழுத்துக் கட்டினால் வயிறு இறுகி எல்லாம் நெருக்கியடித்துக்கொள்ளும்.

நெஞ்சு

நெஞ்சுக்கு அதற்கு எதிர்மாறு. முழு மூச்சு உள்ளே இழுத்த நொடியில் பொத்தானை அழுத்த வேண்டும். மூச்சு வெளியே விட்ட நேரத்தில் எடுத்தால் நுரையீரல் வெளுத்து, இல்லாத நிமோனியா இருப்பதுபோல் தெரியும்; இதயமும் பெரிதாகத் தெரியும். கே.வி. அதிகமாகவும் எம்.ஏ.எஸ். குறைவாகவும் வைத்து, எக்ஸ்போஷர் நேரத்தை முடிந்தவரை குறுக்குங்கள். மூச்சு இரைக்கும் நாய்க்கு நொடியில் 60-இல் ஒரு பங்குக்குக் குறைவாக இருந்தால் நல்லது. 10 சென்டிமீட்டரைத் தாண்டும் தடிமனுக்கு கிரிட் போடுங்கள், மெலிந்த பூனைக்கு வேண்டாம்.

பக்கவாட்டுப் படத்தில் முன்னங்கால்களை நன்றாக முன்னால் இழுத்து வைக்காவிட்டால் தோள் தசை நுரையீரலின் முன்மடல்மேல் விழுந்து மறைக்கும். நாய் படுத்தவுடன் அதன் மார்பெலும்பு மேசைப்பக்கம் சரியும்; அதன் கீழே ஃபோம் ஆப்பு ஒன்றைச் செருகி, மார்பெலும்பும் முதுகெலும்பும் மேசையிலிருந்து ஒரே உயரத்துக்கு வரும்படி செய்யுங்கள். சரியாக வந்ததா என்பதை விலா எலும்புகளின் தலைகள் சொல்லும்: வலது இடது இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்திருக்க வேண்டும். மல்லாந்த படத்திலும் குப்புறப் படத்திலும் மார்பெலும்பு முதுகெலும்புக்குள் மறைய வேண்டும். கொஞ்சம் சுழன்றிருந்தாலும் இதயத்தின் வடிவம் மாறிவிடும். சுழன்ற படத்தை வைத்து இதயத்தைப் பற்றி எதுவும் சொல்லாமல் இருப்பதே நேர்மை.

பால்மடிக் கட்டி உள்ள பெண்நாய்க்கு அறுவைசிகிச்சைக்கு முன் நுரையீரலுக்குப் பரவியிருக்கிறதா என்று பார்ப்பது நம் கிளினிக்குகளில் அடிக்கடி வரும் வேலை. இதற்குக் கட்டாயம் மூன்று படங்கள். பக்கவாட்டில் கிடத்தியவுடன் கீழ்ப்பக்க நுரையீரல் சுருங்கிக் காற்று குறைந்துவிடும். கட்டியும் சாம்பல், சுருங்கிய நுரையீரலும் சாம்பல் என்பதால் கீழ்ப்பக்கத்தில் உள்ள கட்டி கரைந்துபோகும். மேற்பக்க நுரையீரல் விரிந்து கறுப்பாக இருப்பதால் அதில் 5 மில்லிமீட்டர் அளவுள்ள கட்டியும் தெரிய வாய்ப்பு உண்டு. வலப்பக்கம் கிடத்தினால் இட நுரையீரலைப் பார்க்கிறோம், இடப்பக்கம் கிடத்தினால் வல நுரையீரலை. ஒரு பக்கம் மட்டும் எடுத்துவிட்டு ‘பரவவில்லை’ என்று சான்று எழுதுவது பாதி நுரையீரலைப் பார்த்துவிட்டு எழுதும் சான்று. இன்னொன்று: மயக்கம் கொடுத்து நீண்ட நேரம் ஒரே பக்கம் கிடத்திய நாயின் நுரையீரல் நன்றாகவே சுருங்கிவிடும். அதனால் நெஞ்சுப் படத்தை முதலில் எடுங்கள், இடுப்பு மூட்டையும் கால்களையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஈய எழுத்து வைக்க மறந்த படம் கைக்கு வந்தால், அது எந்தப் பக்கப் படம் என்று உதரவிதானத்தைப் பார்த்து ஓரளவு சொல்லலாம். அதன் இரு தூண்களும் இணைகோடுகளாக ஓடினால் பெரும்பாலும் வலப்பக்கப் படுக்கை, ஆங்கில ‘ஒய்’ எழுத்தைப்போல் பிரிந்தால் இடப்பக்கம். இடப்பக்கப் படத்தில் இதயம் உருண்டையாகி அதன் நுனி மார்பெலும்பிலிருந்து சற்றே விலகி நிற்கும். இதைப் பார்த்து நெஞ்சுக்குள் காற்று புகுந்துவிட்டது என்று குழாய் போட ஓடக் கூடாது. உண்மையில் காற்று புகுந்திருந்தால் நுரையீரலின் ஓரம் நெஞ்சுச்சுவரை விட்டு விலகியிருக்கும், அந்த இடைவெளியில் இரத்தக்குழாய்க் கோடுகள் இருக்காது.

இதய அளவுக்கு எப்போதும் ஒரே பக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள். 1995-இல் புக்கானனும் பியூக்கெலரும் வகுத்த முள்ளெலும்புக் கணக்கு இன்றும் கைகொடுக்கிறது. மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரியும் இடத்திலிருந்து இதய நுனி வரை ஒரு கோடு, அதற்குச் செங்குத்தாக மிக அகன்ற இடத்தில் இன்னொரு கோடு. இரண்டையும் நான்காம் நெஞ்சு முள்ளெலும்பின் முன்விளிம்பிலிருந்து பின்னோக்கி வைத்து எத்தனை முள்ளெலும்பு என்று எண்ணிக் கூட்ட வேண்டும். நாய்களின் சராசரி 9.7, பூனைகளுக்கு 7.5. பாக்ஸருக்கும் லாப்ரடாருக்கும் இயல்பாகவே கூடுதலாக வரும். சிப்பிப்பாறை, கன்னி போன்ற குறுகி ஆழ்ந்த நெஞ்சுள்ள நாய்களில் இதயம் நிமிர்ந்து ஒடுங்கி நிற்கும், அதைச் சிறுத்த இதயம் என்று எண்ணிவிடாதீர்கள். வலப்பக்கப் படத்தில் இந்த எண் இடப்பக்கத்தைவிடச் சற்றுக் கூடும். இதய நோய்க்கு மாத்திரை சாப்பிடும் நாயை 6 மாதம் கழித்து மறுபக்கம் கிடத்தி எடுத்து ‘குறைந்திருக்கிறது’ என்று மகிழ்வதில் பொருளில்லை.

குப்புறவா, மல்லாந்தா? இதயத்துக்கும் பின்மடல் இரத்தக்குழாய்களுக்கும் குப்புற. சிறிதளவு நீர் கட்டியிருக்கிறதா என்று தேட மல்லாந்து, ஆனால் மூச்சு சீராக இருக்கும் விலங்குக்கு மட்டும்.

யார் பிடிப்பது?

“டாக்டர், நான் பிடிச்சுக்கறேன். என் கையிலதான் இவன் சும்மா இருப்பான்.”

“இருப்பான்மா, தெரியும். ஆனா உங்க மேலயும் கதிர் படும். லேசா ஒரு தூக்க ஊசி போட்டு மணல் மூட்டை வச்சுக்கறோம். நீங்க கதவுக்கு அந்தப் பக்கம் நின்னு பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டே இருங்க, உங்க குரல் கேட்டாலே அடங்கிடுவான்.”

இதைத் தயங்காமல் சொல்லப் பழகுங்கள். கர்ப்பிணியையும் 18 வயதுக்குக் கீழ் உள்ளவரையும் அறைக்குள் விடவே கூடாது. தினமும் பிடிக்கும் உதவியாளரின் நிலை இன்னும் கவலைக்குரியது, ஏனென்றால் உரிமையாளர் ஒருநாள் வருகிறார், உதவியாளர் ஆண்டு முழுவதும் நிற்கிறார். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் கதிர்வீச்சுப் பணியாளருக்கு வகுத்த வரம்பு, 5 ஆண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட், எந்த ஓர் ஆண்டிலும் 30-க்கு மேல் போகக் கூடாது. டி.எல்.டி. பேட்ஜை ஏப்ரனுக்கு உள்ளே மார்பில் அணிய வேண்டும். மேசை இழுப்பறையில் கிடக்கும் பேட்ஜ் யாரையும் காப்பாற்றாது. குழாயிலிருந்து இரண்டு மடங்கு தூரம் தள்ளி நின்றால் கதிர் நான்கில் ஒரு பங்காகிறது. ஈயக் கையுறை சிதறிவரும் கதிருக்குத்தான், நேர்க்கதிரில் வைத்த கையை அது காக்காது. கொலிமேட்டரைத் திறந்து விட்டு, பிறகு கம்ப்யூட்டரில் விரல்களை வெட்டியெடுத்த படங்களை நிறையப் பார்க்கிறோம். வெட்டியது படத்தைத்தான், அந்த விரல்கள் கதிரை வாங்கிவிட்டன.

ரெக்சின் உறை போட்ட ஃபோம் ஆப்புகள், ஒரு தொட்டில் மரச்சட்டம், கேன்வாஸ் மணல் மூட்டைகள், பருத்திக் கயிறு, ஒட்டுநாடா: கையால் பிடிப்பதைப் பெரும்பாலும் நிறுத்த இவை போதும். மணல் படத்தில் தெரியும், அதனால் மூட்டையைக் கதிர் எல்லைக்கு வெளியே வையுங்கள். கழுத்தின்மேலும் நெஞ்சின்மேலும் வைக்காதீர்கள். மருந்தைத் தேர்ந்தெடுக்கும்போதும் படத்தை நினையுங்கள். சைலசின் வாந்தியைத் தூண்டும், இரைப்பையில் காற்று சேர்க்கும். வயிற்றுப் படத்துக்கு அது குழப்பம். டெக்ஸ்மெடிடோமிடின் துடிப்பைக் குறைத்து இதயத்தைப் பெரிதாகக் காட்டும்.

இன்னும் சில

சிறுநீர் அடைத்த ஆண்நாய்க்கு வழக்கமான பக்கவாட்டுப் படம் போதாது. பின்னங்கால்களை முன்னோக்கி இழுத்துக் கட்டி இன்னொன்று எடுங்கள். ஆண்குறி எலும்பின் பின்முனையில் நிற்கும் கல் அப்போதுதான் தொடை எலும்பின் நிழலிலிருந்து வெளியே வரும். ஸ்ட்ரூவைட்டும் கால்சியம் ஆக்சலேட்டும் வெள்ளையாகத் தெரியும், டால்மேஷியனின் யூரேட் கற்கள் மங்கல், அவற்றுக்கு அல்ட்ராசவுண்ட்.

சினைநாயில் குட்டிகளின் எலும்பு ஏறக்குறைய 45 நாளில் தெரியத் தொடங்கும். எண்ணிக்கை வேண்டுமானால் 55 நாளுக்குப் பிறகு வரச் சொல்லி மண்டையோடுகளையும் முதுகெலும்புகளையும் தனித்தனியே எண்ணுங்கள். நிறைசினையை நெடுநேரம் மல்லாக்கக் கிடத்தினால் கருப்பையின் எடை பெரிய இரத்தக்குழாயை அழுத்தும், பக்கவாட்டுப் படமே போதும்.

குடல் 1.6-க்கும் 2-க்கும் நடுவில் நின்ற நாய்க்கு வருவோம். உடனே வயிற்றைத் திறக்கவும் வேண்டாம், வீட்டுக்கும் அனுப்ப வேண்டாம். அல்ட்ராசவுண்ட் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தால் அனுப்புங்கள். இல்லையென்றால் டிரிப் ஏற்றி, நீர்ச்சத்தும் பொட்டாசியமும் சரிசெய்து, உணவை நிறுத்தி, மறுநாள் காலை அதே மூன்று படங்களையும் அதே கே.வி.யில் மறுபடி எடுங்கள். காற்று பெருங்குடலுக்கு நகர்ந்து, உப்பிய வளையங்கள் இறங்கியிருந்தால் காத்திருக்கலாம். அதே வளையம் அதே இடத்தில் அதே அகலத்தில் நின்றால் வயிற்றைத் திறக்கும் நேரம் வந்துவிட்டது. இரண்டு நாள் படங்களையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடிவது, முதல் நாள் எந்தப் பக்கம் கிடத்தினீர்கள், எத்தனை மணிக்கு எடுத்தீர்கள் என்பது படத்திலேயே குறிக்கப்பட்டிருந்தால்தான். வேறு மருத்துவரிடம் கருத்துக் கேட்பதாக இருந்தால் திரையைப் போனில் படம்பிடித்து அனுப்பாமல், எல்லாப் படங்களையும் டைகாம் கோப்புகளாக அனுப்புங்கள்.